கறையில் உருக்கைத் துண்டிக்க எந்த அலகு?

கடைசற் பொறியிலே ஒரு கோலைக் கடைந்து, துளையிட்டு, மெருகும் ஏற்றிய பின்னர் எஞ்சியிருப்பது அப்பகுதியை வெட்டிப் பிரித்தெடுக்கும் வேலையே. பல மணி நேர உழைப்புப் பாழாவதும் பெரும்பாலும் இக்கட்டத்திலேதான். கோல் கறையில் உருக்காக, அதாவது எவர்சில்வர் என்று பலரும் அழைக்கும் உலோகமாக இருந்து, பொறியும் சிறியதாயின் இடர் இரட்டிக்கும்.

உலோகத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். 304 எனப்படும் சாதாரண வகையில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. இதனை வெட்டாது உரசினால், உரசிய பரப்பு இறுகிவிடும். அடுத்த சுற்றிலே அலகு சந்திப்பது முன்னையதிலும் கடினமான தோலையே. வெப்பத்தைக் கடத்துவதிலோ இது மெல்லுருக்கின் மூன்றிலொரு பங்கு திறனே உடையது. ஆதலின் சூட்டின் பெரும்பகுதி அலகின் நுனியிலே தங்கிவிடுகிறது.

இவ்வளவு முரடான உலோகத்துக்குக் கடினமான காபைட்டு நுனியே ஏற்றது எனப் பலர் எண்ணுவர். பெரிய தொழிற்சாலைக்கு அது மெய். சிறு பொறிக்கு? இங்கிலாந்தின் பீஸ்ரன் நகரில் 1946 முதல் செய்யப்பட்ட மைபோர்ட் எம்.எல்.7 பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான கப்பி அமைப்பில் உச்ச வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 640 சுற்று. காபைட்டு பொதுவாக விரும்புவது நிமிடத்துக்கு 80 மீற்றர் அளவான வெட்டுவேகம். 20 மில்லிமீற்றர் கோலுக்கு அது ஏறக்குறைய 1,270 சுற்று ஆகும்! அவ்வேகம் கிட்டினாலும், 3 மில்லிமீற்றர் அகல நுனியை உள்ளே தள்ளும் விசையைச் சிறு பொறியின் சட்டம் தாங்குவதரிது. அது அதிரும், அதிர்ந்தால் காபைட்டு உடையும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது அதிவேக உருக்கினாலான, 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள அலகு. கோபாற்று கலந்ததாயின் சூட்டை இன்னும் நன்கு தாங்கும். அகலம் பாதியானால் விசையும் ஏறத்தாழப் பாதியாகும் அன்றோ? நிமிடத்துக்கு 12 மீற்றர் வேகம் போதும். மேற்சொன்ன கோலுக்கு இஃது ஏறக்குறைய 190 சுற்று. மழுங்கினால் வீட்டிலேயே தீட்டிக்கொள்ளலாம். காபைட்டே வேண்டுமென்பார், 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத, கூரிய விளிம்புள்ள நுனியை நாடுக.

அலகின் நுனி கோலின் மைய உயரத்தில் நிற்க வேண்டும். ஆரத்துக்குச் சற்றே மேற்பட்ட நீளம் மட்டும் வெளியே நீட்டியிருத்தல் நன்று. கோலைக் கவ்வும் தாடைகளுக்கு அருகிலேயே வெட்டுக. வெட்டெண்ணெயைத் தாராளமாக விடுக. எல்லாவற்றினும் முக்கியம், கை தயங்கலாகாது. அதிர்வொலிக்கு அஞ்சி அலகை அங்கேயே நிறுத்துபவர், அதை உரசவிட்டுத் தாமே தோலை இறுக்கிக்கொள்கிறார். சுற்றுக்கு 0.05 மில்லிமீற்றர் அளவில் விடாது செலுத்துக. நிறுத்தவேண்டின், உடனே வெளியே இழுத்துவிடுக.

அலகைத் தலைகீழாகப் பொறியின் பின்புறத்தில் பொருத்தும் பழைய முறையும் ஒன்றுண்டு. அங்கே அலகு வளைந்தால் கோலைக் கௌவாமல் விலகிச் செல்லும். சுருள்களும் கீழே விழுந்துவிடும். இடமிருப்போர் அதனை முயலலாம்.

துண்டு பிரியும் வேளையில் கையால் ஏந்துவது கூடாது. கண்ணாடி அணியாமல் குனிந்து பார்ப்பதும் ஆகாது. கோல் 25 மில்லிமீற்றருக்கு மேல் தடித்ததாயின், அதைக் கழற்றி இரும்பறுக்கும் வாளால் அறுத்து, முகத்தை மட்டும் பொறியிலே சீராக்கிக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை.