பழைய லாரிக்கு ஸ்பேர் வாங்கணுமா? பேட்ஜை நம்பாதீங்க, சேஸிஸ் நம்பரைப் பாருங்க!

'டாடா 1613-க்கு முன் கண்ணாடி வேணும்' என்று மட்டும் கேட்டால் கடைக்காரரால் பதில் சொல்ல முடியாது. பழைய லாரிகள் பலவும் கம்பெனியிலிருந்து இன்ஜின், கியர் பாக்ஸ், அச்சு பொருத்திய வெறும் சேஸிஸாகத்தான் வெளியே வந்தன. கேபினும் பின்பக்க பாடியும் நாமக்கல், திருச்செங்கோடு மாதிரி ஊர்ப் பட்டறைகளில் கட்டியவை. ஆக, ஒரே வண்டிக்கு இரண்டு பிறந்த ஊர்!

பிரேக், கிளட்ச், கிரவுன் எல்லாம் சேஸிஸ் கணக்கு. இதற்கு சேஸிஸ் நம்பர்தான் ஆதாரம். பெரும்பாலும் வலதுபக்க பிரேமில், முன்சக்கரம் பக்கம் பஞ்ச் செய்திருப்பார்கள். 17 இலக்க நம்பர் 'எம்ஏடி' எனத் தொடங்கினால் டாடா. 'எம்பி1' என்றால் அசோக் லேலண்ட். ரொம்பப் பழைய வண்டிகளில் 17 இலக்கம் இருக்காது. ஆர்சி புக்கையும் எடுத்துட்டுப் போங்க. இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் இன்ஜினிலேயே உள்ள நம்பரைப் பார்ப்பதுதான் சரி.

கதவு, கண்ணாடி, கீல், பீடிங் ரப்பர் கதை வேற. பட்டறைக்குப் பட்டறை அளவு மாறும். பார்ட் நம்பரே கிடையாது. கண்ணாடிக்கு அட்டையில் அச்சு வெட்டுங்க. ரப்பருக்குப் பழையதில் ஒரு துண்டு போதும். கேபினில் பட்டறை பெயர்த் தகடு இருந்தால் அதிர்ஷ்டம்.

சேஸிஸ் நம்பர் துருவில் மறைந்திருக்கிறதா? கிரைண்டர் வைக்கவே வைக்காதீங்க. டீசல் நனைத்த துணியால் துடைத்து, மேலே பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்தால் எழுத்து எழும். அப்படியும் தெரியவில்லை என்றால் நீங்களாகப் பஞ்ச் அடிக்காமல் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போங்க. நம்பரைத் திருத்திய வண்டி, எஃப்சியில் மட்டுமல்ல, போலீஸிலும் சிக்கும்.