ஊருக்குத் தெரிந்த தகவல் எஸ்.பி. மேசைக்குப் போகிறதா?

மல்லசமுத்திரத்தில் பருத்தி ஏலம் நடக்கும் நாளில் டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எந்தப் பையன் எந்தப் பெண்ணோடு பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டிருந்தான், அதைக் கேள்விப்பட்டு யார் ஆள் திரட்டுகிறார், எந்தக் காலனிக்காரர் கோயில் திருவிழாவில் என்ன கேட்டார் என்பதெல்லாம் காதில் விழும். ஊருக்குத் தெரியும், காலனிக்கும் தெரியும். போலீசுக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரிந்துகொள்வதற்கென்றே அங்கே ஆள் உண்டு. ஒவ்வொரு காவல் நிலைய எல்லையிலும் தகவல் சேகரிக்கத் தனிப்பிரிவுக் காவலர் இருக்கிறார். அவர் எழுதுவது மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகிறது. மாநில அளவில் உளவுத்துறை தனியாக இயங்குகிறது. தலித், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைக் கவனிக்க, முன்பு குடிமை உரிமைகள் பாதுகாப்புப் பிரிவு என்று இருந்து இப்போது சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்று பெயர் மாறிய பிரிவும் மாவட்டம்தோறும் உண்டு. காதுகளுக்குக் குறைவில்லை. ஒரு காதில் விழுந்தது இன்னொரு காதுக்குப் போகிறதா என்பதுதான் நம் பகுதிக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கிருந்து திருச்செங்கோடு தூரமில்லை. 2015 ஜூன் 23 அன்று ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், வேறு சாதியைச் சேர்ந்த தோழியுடன் அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்கு வந்தார். வீடு திரும்பவில்லை. மறுநாள் பள்ளிபாளையம் அருகே தொட்டிபாளையம் ரயில் பாதையில் தலை துண்டான உடலாகக் கிடைத்தார்.

இதில் எத்தனை எல்லைகள் குறுக்கிடுகின்றன பாருங்கள். வீடு சேலம் மாவட்டம். கடத்தப்பட்ட இடம் நாமக்கல் மாவட்டம். உடல் கிடந்தது தண்டவாளம் என்பதால் அது ரயில்வே போலீஸ் வேலை. ஒரு பக்கம் மகனைக் காணோம் என்று தாய் அலைகிறார். இன்னொரு பக்கம் சந்தேக மரணம், தற்கொலையாக இருக்கலாம் என்ற பேச்சு. இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்த பிறகுதான் அது கொலை வழக்கானது. கொலையாளிகள் உடலைத் தண்டவாளத்தில் போட்டதன் கணக்கே அதுதான்: ஒரு காவல் பிரிவின் கோப்பு இன்னொன்றின் மேசைக்கு வராது என்ற நம்பிக்கை.

முதல் குற்றவாளி யுவராஜ் 110 நாட்கள் தலைமறைவாக இருந்தார். இருந்த இடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தார். நம் ஊர்ப் பிள்ளைகள் போனில் எல்லாம் வந்தது அது. பேசியவர் எங்கே என்று மட்டும் போலீசுக்குத் தெரியவில்லை. வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா செப்டம்பர் 18 அன்று இறந்துபோனார். அக்டோபர் 11 அன்று யுவராஜ் நாமக்கல் சி.பி.சி.ஐ.டி. அலுவலகத்துக்குத் தானாகவே வந்து சரணடைந்தார். பிடித்துவந்ததல்ல, வந்தது.

கூட இருந்த தோழி நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். வழக்கைத் தூக்கி நிறுத்தியதில் பெரும்பங்கு கோயில் சிசிடிவி பதிவுக்கு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. யுவராஜின் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

இப்படி நடக்காமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லையா? 1995-லேயே யோசித்து எழுதிவைத்தாகிவிட்டது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 3-ஆம் விதி, வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே கண்டறியச் சொல்கிறது. 8-ஆம் விதி, டி.ஜி.பி.யின் கீழ் ஒரு தனிப் பிரிவு அந்தப் பகுதிகளை ஆய்வு செய்து, நிலைமையைத் தொடர்பு அதிகாரிக்குத் தெரிவித்து, மாதந்தோறும் 20-ஆம் தேதிக்குள் அறிக்கை தரவேண்டும் என்கிறது. 17-ஆம் விதிப்படி கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், அதில் எஸ்.பி.யும் உறுப்பினர், நம் ஆட்களும் உறுப்பினர்கள். தகவல் பரிமாற்றம் என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை.

சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. சாதி மீறிய திருமணத்துக்கு எதிராகக் கூட்டம் கூடப்போவது எந்தப் போலீஸ்காரருக்குத் தெரிந்தாலும் மேலதிகாரிக்கும், அதே நேரத்தில் டி.எஸ்.பி., எஸ்.பி.க்கும் உடனே சொல்ல வேண்டும். தெரிந்தும் தடுக்காவிட்டால் துறை நடவடிக்கை. எஸ்.பி., மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் சேர்ந்த சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். போலீசாருக்கு இதுகுறித்த பயிற்சியும் வேண்டும் என்றது தீர்ப்பு.

பயிற்சி என்றால் வகுப்பறையில் பிரிவு எண் ஒப்பிப்பது மட்டும் அல்ல. தகவல் எடுக்க வருபவர் ஊருக்குள் பெரியவர்களோடு டீ குடித்துவிட்டு, 'நிலைமை அமைதி' என்று எழுதிவிட்டுப் போனால் அது ஒரு தரப்பின் செய்திதான். காலனிக்குள் வந்து, வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களிடமும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரட்டைக் குவளையை எடுத்துவிட்டு பேப்பர் கப் வைத்த கடையில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் நம் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். மேலே போக வேண்டிய தகவல் பக்கவாட்டில் கசிவது. புகார் கொடுத்துவிட்டு வீடு வருவதற்குள் எதிர்த்தரப்புக்குச் செய்தி போயிருக்கும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிகளுக்கும் மிரட்டலிலிருந்து பாதுகாப்புத் தர அரசைக் கடமைப்படுத்துகிறது. கேட்டால்தான் கிடைக்கும். மனுவிலேயே எழுதிக் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் எழுதிக்கொள்ளவில்லையா? 5-ஆம் விதிப்படி புகாரைத் தபாலில் எஸ்.பி.க்கே அனுப்பலாம், பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடமை தவறும் அதிகாரிக்கு 4-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. 14566 என்ற எண்ணில் போனில் சொல்லலாம்.

கல்லூரி மாணவர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். 10 ரூபாய் கட்டணத்தில் கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு: நாமக்கல் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளாக நம் ஒன்றியத்தில் எந்த ஊர்கள் கண்டறியப்பட்டுள்ளன? 30 நாளில் பதில் வர வேண்டும். சேலம் மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நண்பர்களையும் அதே கேள்வியை அவர்கள் கலெக்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.