ஸரஃப்ஷான்: பாலையில் முடியும் பனிநதி

ஹிஜ்ரி 194இல் புகாராவில் பிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 256இல் சமர்கந்துக்கு அருகே மறைந்தார்கள். அவ்விரு நகரங்களையும் வாழவைத்தது ஒரே நதி. அதன் பெயர் ஸரஃப்ஷான்; பாரசீகத்தில் ‘பொன் தூவுவது’ என்பது பொருள்.

தஜிகிஸ்தான் மலைகளில் உறைந்து கிடக்கும் பனியாற்றிலிருந்து ‘மாத்சா’ என்னும் பெயருடன் இது மேற்கு நோக்கிப் புறப்படுகிறது. யக்னோப் ஆறும், இஸ்கந்தர் ஏரியிலிருந்து இறங்கும் ஆறும் கூடி ஃபான் ஆறாகி, அய்னி என்ற ஊரருகே தெற்கிலிருந்து வந்து இதனுடன் கலக்கின்றன. பஞ்சகந்துப் பகுதியில் மகியான் ஆறும் சேர்ந்தபின் நதி உஸ்பெகிஸ்தானின் சமவெளியை அடைகிறது.

பனி உருகும் கோடையின் உச்சத்தில்தான் இந்நதி பெருகும். வயல்கள் தவிக்கும் வேளையும் அதுவே. கால்வாய்கள் நீரைப் பகிர்ந்துகொள்வதால், முற்காலத்தில் ஜைஹூனின், அதாவது ஆமு தர்யாவின், கிளையாறாயிருந்த ஸரஃப்ஷான் இன்று அதனை எட்டாமலே பாலையில் மறைகிறது.

இப்போது மூலப்பனியும் சுருங்கி வருகிறது. மிகுதியாக உருகும் பனி சில காலம் வெள்ளத்தைப் பெருக்கலாம். அது விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும். பனி குறைந்தபின் கோடையில் வயலுக்கு நீர் எங்கிருந்து வரும்? புகாராவின் வரலாற்றைப் பயிலும் நாம், அதன் ஊற்றுக்கண் தொலைவிலுள்ள மலைப்பனியே என்பதையும் உணர்தல் வேண்டும்.