நாலு சுவருக்குள்ளே ஓர் ஆட்டம்!

“ஸ்குவாஷா? கல்யாண வீட்ல பாட்டில்லேர்ந்து ஊத்தித் தண்ணி கலந்து குடுப்பாங்களே, அதுதானேம்மா? அதைக் கத்துக்கவா வாரத்துல மூணு நாள் போகணும்?”

என் பெண்ணை ஸ்குவாஷ் பயிற்சியில் சேர்க்கப் போகிறேன் என்றதும் என் மாமியார் கேட்ட கேள்வி இது. நான் சிரித்தேனே தவிர, எனக்கும் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த நேரம், 2022 பிப்ரவரி. இரண்டு வருஷம் வீட்டிலேயே அடைந்து கிடந்ததில் பத்து வயதுப் பெண்ணுக்கு உடம்பு போட்டுவிட்டது. ஏதாவது ஓடியாடும் ஆட்டத்தில் சேருங்கள் என்றார் டாக்டர். நீச்சல் என்றால் சளி பிடிக்கும், முடி கொட்டும் என்று வீட்டில் ஆயிரம் ஆட்சேபணை. டென்னிஸ் என்றால் சென்னையின் நாலு மணி வெயில். ஸ்குவாஷ் ஆடும் இடமோ வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. கூரை போட்ட அறை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்த லட்சணம் இவ்வளவுதான்!

முதல் இரண்டு வாரம் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் பத்திரிகை மடியிலேயே கிடந்தது. கண்ணெல்லாம் உள்ளே.

நீங்கள் பார்த்திராவிட்டால் சொல்லிவிடுகிறேன். 32 அடி நீளம், 21 அடி அகலத்தில் நாலு பக்கமும் சுவர் வைத்த ஓர் அறை. அதுதான் கோர்ட். டென்னிஸ் மாதிரி நடுவில் வலை கிடையாது. எதிரும் புதிருமாகவும் நிற்பதில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து மாற்றி மாற்றி அடிக்கிறார்கள். பந்து பக்கச் சுவரில் பட்டுப் போகலாம், பின் சுவரில் பட்டும் போகலாம். ஆனால் எதிர்ச் சுவரைத் தொட்டே ஆகவேண்டும். திரும்பி வரும் பந்து தரையில் ஒரு தடவைதான் குதிக்கலாம். இரண்டாவது தடவை குதிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். எதிர்ச் சுவரின் அடியில் சுமார் ஒன்றரை அடி உயரத்துக்குத் தகரம் அடித்திருப்பார்கள். அதில் பட்டால் சமையலறையில் தட்டு விழுந்தாற்போல ‘டங்’கென்று சத்தம் வரும், புள்ளி போச்சு! 11 புள்ளி எடுத்தால் ஒரு ஆட்டம் (10-10 என்று வந்துவிட்டால் இரண்டு புள்ளி முந்தியாக வேண்டும்). ஐந்தில் மூன்று ஆட்டம் ஜெயித்தால் வெற்றி.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே அறைக்குள் இருவர் ஓடும்போது ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொள்ளத்தானே செய்வார்கள்? வழியில் ஆள் நின்றால் மட்டையை வீசக் கூடாது. நிறுத்தி, “லெட்” என்று கேட்டால் போதும். அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடலாம். நியாயமாக ஒதுங்காமல் மறித்துக்கொண்டு நின்றால் புள்ளி மற்றவருக்குப் போய்விடும்.

பந்தின் கதை தனி. நாலு சென்டிமீட்டர் குறுக்களவு, 24 கிராம் எடை, உள்ளே வெற்றிடமான ரப்பர் பந்து. கையிலெடுத்து அமுக்கினால் நசுங்கும். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் இங்கிலாந்தில் ஹாரோ பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஆரம்பித்த ஆட்டம். நசுங்குகிற பந்து என்பதால்தான் இந்தப் பெயர். பழத்தை நசுக்கியதால் அந்த பானத்துக்கும் அதே பெயர். ஆக, என் மாமியார் கேட்டது அத்தனை தப்பில்லை!

நம்மைப் போன்ற புதியவர்கள் இந்தப் பந்தில்தான் ஏமாறுகிறோம். கடைக்காரர் இரட்டை மஞ்சள் புள்ளி வைத்த பந்தை நீட்டுவார். அது பெரிய ஆட்டக்காரர்களுக்கு உரியது. ஐந்து நிமிஷம் ஓங்கி ஓங்கி அடித்துச் சூடேற்றினால்தான் குதிக்கும். நாம் அடிக்கிற அடிக்கு, ஆறிப்போன இட்லி மாதிரி ‘பொத்’தென்று தரையிலேயே உட்கார்ந்துகொள்ளும். ‘நமக்கு வராது’ என்று பாதிப் பேர் அன்றே மூட்டை கட்டிவிடுகிறார்கள். நீலப் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ வைத்த பந்து கேட்டு வாங்குங்கள். நன்றாகக் குதிக்கும், ஓடிப் போய் எடுக்க அவகாசமும் கிடைக்கும்.

“நீங்களும் உள்ள வாங்க மேடம், சும்மாதானே உக்காந்திருக்கீங்க” என்று பயிற்சியாளர் பையன் கூப்பிட்டான். எனக்கு அப்போது 36 வயது. கல்லூரியில் படித்த நாளில் டென்னிகாய்ட் வளையம் வீசியதோடு என் விளையாட்டு முடிந்திருந்தது. சல்வாரோடு, மூக்குக் கண்ணாடியோடு உள்ளே போனேன். பத்தே நிமிஷம், மூச்சு இரைத்து, முகம் சிவந்து, வியர்வை கொட்டி வெளியே வந்தேன். ஆனால் அன்று ராத்திரி படுத்ததுமே தூங்கிவிட்டேன். எத்தனையோ மாதங்களாக எனக்கு வாய்க்காத தூக்கம் அது.

விபரீதம் மார்ச் மாதம் வந்தது. இன்னொரு பெண்ணின் அம்மாவும் நானும் ஆடிக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து அவர் அடிப்பதைப் பார்க்க முகத்தைத் திருப்பினேன். அவ்வளவுதான் தெரியும். வலது கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே, கன்னத்து எலும்பில் பந்து. கண்ணாடி பிரேம் இரண்டாக முறிந்தது. முகம் கன்றி, கண் மூடிக்கொண்டது.

கண் டாக்டர் ஒரு பந்தை வாங்கித் தன் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். “கிரிக்கெட் பந்து, டென்னிஸ் பந்தெல்லாம் பெரிசு. அடியில பாதியைச் சுத்தியிருக்கிற எலும்பு தாங்கிக்கும். இது கண்குழிக்குள்ளயே பொருந்திடும்மா. இரண்டு விரல் தப்பிச்சீங்க. சாதாரண மூக்குக் கண்ணாடி காப்பாத்தாது, உடைஞ்சா இன்னும் ஆபத்து” என்றார். பாலிகார்பனேட்டில் செய்த கண்கவசம் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி நாங்கள் ஆடிய இடத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரில் ஒரு எச்சரிக்கைப் பலகை கிடையாது. பிள்ளைகள் எல்லாம் வெறும் கண்ணோடுதான் ஆடிக்கொண்டிருந்தார்கள்! சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கண்கவசம் இல்லாமல் உங்கள் குழந்தையை அந்தக் கதவைத் தாண்ட விடாதீர்கள். ஆட்டத்தின் நடுவே முகத்தை முழுசாகப் பின்னால் திருப்பாதீர்கள்.

வீட்டில் அப்புறம் கேட்க வேண்டுமா! “இனிமே நீயும் வேணாம், குழந்தையும் வேணாம்” என்று என் வீட்டுக்காரர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கும் உள்ளூரப் பயம். மட்டை பரண்மேல் ஏறியது. என் பெண் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் ஐந்து மணியானால் மட்டும் வாசலில் போய் நிற்பாள்.

ஏப்ரல் 10-ஆம் தேதி காலை பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் போட்டியில், முந்தின நாள் தீபிகா பள்ளிக்கல் ஒரே நாளில் இரண்டு தங்கம் வாங்கியிருந்தார். சௌரவ் கோஷலோடு சேர்ந்து கலப்பு இரட்டையர்; ஜோஷ்னா சின்னப்பாவோடு சேர்ந்து மகளிர் இரட்டையர். தீபிகாவும் ஜோஷ்னாவும் நம்ம சென்னைப் பெண்கள். 2014-ல் இதே கிளாஸ்கோவில்தான் இந்த ஜோடி, ஸ்குவாஷில் நம் நாட்டின் முதல் காமன்வெல்த் பதக்கத்தை, அதுவும் தங்கமாகவே வாங்கிக் கொடுத்தது. என்னைப் பிடித்து உலுக்கியது அது இல்லை. தீபிகா இரட்டைக் குழந்தைகள் பெற்றது 2021 அக்டோபரில்! ஆறே மாதம்!

செய்தியை உரக்கப் படித்தேன். மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “ரெட்டைப் பிள்ளையா? ஆறு மாசத்துலயா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கண்ணுக்குப் போடற மூடி என்ன விலையாம்?” என்று கேட்டார். அன்று சாயங்காலமே இரண்டு கவசம் வாங்கினோம். இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்த ‘ஆறு மாத’க் கணக்கை இளம் தாய்மார்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. தீபிகா சிறு வயதிலிருந்து ஆடியவர். 2012-லேயே உலகின் முதல் பத்து இடத்துக்குள் வந்த முதல் இந்தியப் பெண். நமக்குப் பிரசவமான பிறகு இடுப்பும் மூட்டுகளும் சில மாதம் தளர்ந்தே இருக்கும். ஓட்டமும் குதியலும் உள்ள எதற்கும் குறைந்தது மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும்வரை. முதலில் நடை, பிறகு இடுப்புக்குழித் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. தும்மினால், இருமினால் சிறுநீர் கசிகிறதா? வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது சரியாகாமல் ஸ்குவாஷ் பக்கம் போகாதீர்கள். நாற்பது வயதானவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதே பேச்சுதான். இது மெதுவாக ஏறும் ஆட்டம் இல்லை. இரண்டாவது நிமிஷமே நெஞ்சு படபடக்கும். உடம்பைத் தேற்றிக்கொண்டு ஸ்குவாஷுக்குப் போக வேண்டும். ஸ்குவாஷ் ஆடி உடம்பைத் தேற்றலாம் என்று முதல் நாளே குதிப்பதால்தான் முட்டியும் கணுக்காலும் போகின்றன.

பலன் இல்லாமலா? இங்கிலாந்து, ஸ்காட்லாந்தில் 80,000 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், மட்டைப்பந்து ஆட்டங்கள் (ஸ்குவாஷ், டென்னிஸ், பாட்மின்ட்டன் மூன்றும் சேர்த்து) ஆடுகிறவர்களுக்கு மரண அபாயம் 47 சதவீதம் குறைவாக இருந்ததாம். ஆட்டத்தால் மட்டுமே என்று அடித்துச் சொல்ல முடியாது. இத்தகைய ஆட்டம் ஆடுகிறவர்கள் பொதுவாகவே வசதியும் கவனிப்பும் உள்ளவர்களாக இருக்கக் கூடும். எனக்குத் தெரிந்த பலன் தூக்கம்தான்.

நம்மைப் போல நேரம் நம் கையில் இல்லாதவர்களுக்கு இதில் இன்னொரு வசதி. துணைக்கு ஆள் வேண்டாம். பந்து சுவரில் பட்டு உங்களிடமே திரும்பி வந்துவிடுமே! இருபது நிமிஷம் கிடைத்தால் தனியாகவே அடித்துவிட்டு வரலாம். மட்டை, பந்து, கவசம், தரையில் கோடு போடாத அடிப்பாகம் உள்ள ஷூ, அவ்வளவுதான். கோர்ட் கிடைப்பதுதான் கஷ்டம். எனக்குத் தெரிந்த இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கோர்ட் கட்டி, அதில் பழைய நாற்காலிகளை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். உங்கள் குடியிருப்பிலும் அப்படி இருந்தால், சாவி யாரிடம் என்று விசாரியுங்கள்.

ஆட ஆரம்பித்ததும் செய்தி படிக்கும் கிறுக்கும் பிடித்துக்கொண்டது. ராஜஸ்தானின் புவனேஸ்வரி குமாரி 1977 முதல் 1992 வரை தொடர்ந்து 16 வருஷம் தேசிய சாம்பியனாம். ஜோஷ்னா 2019-ல் தன் 17-ஆவது பட்டத்தை வாங்கி அந்தக் கணக்கை முந்தினார். தேசியப் போட்டியில் ஆண் சாம்பியனுக்கு ஒரு பரிசுத்தொகை, பெண் சாம்பியனுக்கு அதைவிடக் குறைவு என்றிருந்த காலத்தில், “சமமாகக் கொடுத்தால்தான் வருவேன்” என்று தீபிகா சில வருஷம் போட்டிக்கே போகவில்லை. 2016-ல் சமமாக்கினார்கள், போனார், ஜெயித்தார். அப்பாவுக்கு முழு டம்ளர், அம்மாவுக்கு அரை டம்ளர் என்று பால் ஊற்றியே வளர்ந்த நமக்கு இந்தப் பிடிவாதத்தின் அருமை புரியும்.

மலேசியாவைப் பாருங்கள். பினாங்கின் நிக்கோல் டேவிட்டுக்கு அப்பா இந்திய வம்சாவளி, அம்மா சீனப் பெண்மணி. 2006-லிருந்து ஒன்பது வருஷம் உலகின் முதலிடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. எட்டு முறை உலக சாம்பியன். அவருக்குப் பின் வந்த தமிழ்ப் பெண் சிவசங்கரி சுப்பிரமணியம் 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கினார். முகத்திலும் கழுத்துப் பக்கத்து முதுகெலும்பிலும் முறிவு. அந்த வருஷக் காமன்வெல்த் போட்டி போயிற்று. மறு வருஷமே ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம். 2024 ஏப்ரலில் லண்டனில், உலகின் முதலிடத்திலிருந்தவரையும் தோற்கடித்துக் கோப்பை! அதைப் படித்தபோது என் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஹாங்சௌவில் தீபிகாவுக்கும் கலப்பு இரட்டையர் தங்கம் கிடைத்தது. அப்போது அவர் பிள்ளைகளுக்கு இரண்டு வயது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல் தடவையாக ஸ்குவாஷ் சேர்க்கப்பட்டிருப்பதால், இனி பேப்பரில் இந்தப் பெயர்களைத் தேட வேண்டியிருக்காது.

2025 டிசம்பரில் ஸ்குவாஷ் உலகக் கோப்பை நம்ம சென்னையிலேயே, எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்துக்குள் கண்ணாடிக் கோர்ட் அமைத்து நடந்தது. 14-ஆம் தேதி இறுதி ஆட்டத்துக்கு மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனோம். “பந்து வெள்ளையா இருக்கே, நம்மளது கறுப்பாச்சே?” என்றார் உட்கார்ந்ததும். கண்ணாடிக்குள் கறுப்புப் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்று என் பெண் விளக்கினாள். ஹாங்காங்கை எதிர்த்து முதலில் இறங்கியவர் ஜோஷ்னா. வயது 39. ஜெயித்தார். அடுத்து அபய் சிங், பிறகு 17 வயது அனாஹத் சிங். 3-0. இந்தியாவுக்கு முதல் உலகக் கோப்பை! கைதட்டல் அடங்கியபோது மாமியார் என் காதருகில் குனிந்து, “முப்பத்தொம்பதா அந்தப் பொண்ணுக்கு? உனக்கு இன்னும் வயசிருக்கு” என்றார். எனக்கு நாற்பது நெருங்கிவிட்டதை வேண்டுமென்றே மறந்தாரோ என்னவோ!

அவருக்கு அந்த ஆட்டத்தில் ஒரு வார்த்தை மனசோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்கள் சமையலறை சின்னது. கையில் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நான் திரும்பும்போது அவர் வழியில் நின்றால், இப்போதெல்லாம் “லெட்டு, லெட்டு!” என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கிக்கொள்கிறார்.