பொதிகையைத் தாண்ட எட்டாயிரத்து ஐந்நூறு அடி

வாகைகுளம் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானம் ஒன்று திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானி எழுதிக் கொடுக்கும் ஃபிளைட் பிளானில் ‘வி’ என்று ஒரே எழுத்து இருக்கும். கருவிகளை நம்பி அல்ல, கண்ணால் பார்த்துப் பறக்கிறேன் என்று அதற்குப் பொருள். விமானிகள் பேச்சில் விஎஃப்ஆர். மேற்கு நோக்கிப் போகிறவர் 4,500, 6,500, 8,500 அடி என்ற உயரங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். கிழக்கே வருகிறவருக்கு 3,500, 5,500, 7,500. எதிரெதிரே வருகிறவர்கள் ஒரே உயரத்தில் சந்திக்காமலிருக்க உலகின் பெரும்பாலான நாடுகளில் உள்ள ஏற்பாடு இது. பொதிகையின் அகத்தியர் சிகரம் 1,868 மீட்டர், ஏறத்தாழ 6,130 அடி. 4,500 அடியில் போனால் மலைதான் எதிரே நிற்கும். 6,500 அடியில் போனால் உச்சிக்கு மேலே நானூறு அடிகூட மிச்சமில்லை. ஆகவே 8,500 என்று எழுதுவார். இந்தக் கணக்கை டவர் போட்டுத் தராது, விமானிதான் போட வேண்டும்.

முன்பு இப்படி எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளவே ஆளில்லாத காலம் ஒன்று இருந்தது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து தபால் மூட்டைகளோடு பம்பாய்க்குப் பறந்த புஸ் மாத் விமானத்தில் ரேடியோ கிடையாது. அங்கிருந்து தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். வானிலை கெட்டால் யாரிடமும் கேட்க முடியாது. இறங்கும் இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் மேலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது நம் பக்கத்தில் கயத்தாறில் ஒரு ஓடுதளம் போட்டார்கள். அந்தக் காலத்து விமானிக்குக் கீழே தெரிகிற நிலம்தான் வழிகாட்டி.

அப்படிப் பார்த்துப் பறக்க நெல்லைச் சீமையைவிட வாகான இடம் அரிது. மேற்கே மலைச்சுவர், கிழக்கே கடல், நடுவே பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை ஆறு. ஆற்றின் இருகரையும் வயல், அதைத் தாண்டினால் பொட்டல், தெற்கே போனால் செக்கச்செவேலென்று தேரி மணல். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் ரயில் பாதை கோடு கிழித்த மாதிரி இருக்கும். ஆனால் குளங்களை நம்பக் கூடாது. பிசானப் பருவத்தில் நிறைந்து பளபளக்கும் குளம் கோடையில் மண்ணோடு மண்ணாகிவிடும். சாரல் மாதங்களில் பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்தும், அதே நேரம் மலைத்தொடர் முழுக்க மேகத்துக்குள் இருக்கும். இன்றைய விஎஃப்ஆர் விதி 10,000 அடிக்குக் கீழே 5 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேல்கீழாக 1,000 அடியும் விலகியிருக்க வேண்டும் என்கிறது. ஆனி, ஆடியில் பல நாள் இந்த விதியே பொதிகை வழியை அடைத்துவிடும்.

மலையைச் சுற்றித் தெற்கே போகலாமே என்றால், மாற்றம் கண்கூடாகத் தெரிவது அங்கேதான். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்குகையில் முன்பு காற்று ஒன்றுதான் கவலை. இப்போது அந்தக் காற்றை நம்பி நட்ட காற்றாலைகள் பணகுடி, முப்பந்தல் என்று காடாக நிற்கின்றன. விஜயநாராயணத்தில், 1990இல் தொடங்கிய கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கான கம்பங்கள் இருக்கின்றன. அவற்றில் உயரமானது 471 மீட்டர். இந்தியாவிலேயே அதைவிட உயரமான கட்டுமானம் இல்லை. அதைத் தாங்கும் இழுவைக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இன்னும் தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம். வரைபடத்தையும் விமானிகளுக்கான ‘நோட்டாம்’ அறிவிப்புகளையும் படிக்காமல் இங்கே கண்ணை மட்டும் நம்புவது ஆபத்து.

வாகைகுளம் வளர்ந்த கதை ஊரறிந்தது. 1992இல் வாயுதூத் விமான சேவை வந்தது, நிலைக்கவில்லை. பின்பு என்இபிசி வந்துபோனது. 2006இல் ஏர் டெக்கான் வந்த பிறகுதான் சென்னை விமானம் பழக்கமானது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் இன்று 3,115 மீட்டர். 2025 ஜூலை 26இல் புதிய முனையம் திறக்கப்பட்டது. இத்தனை பேச்சிலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் என் வருத்தம். அவர்கள்தான் விமானத்தை ஓட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடுதளத்தில் இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுப்பது அவர்கள். ஆனால் சிறிய விமான நிலையங்களின் வான்வெளியில், கண்ணால் பறக்கிறவருக்கு, இன்ன திசையில் இன்ன உயரத்தில் இன்னொரு விமானம் வருகிறது என்று தகவல்தான் சொல்வார்கள். பார்த்து விலகுவது விமானியின் பொறுப்பு.

அவர்கள் செய்யும் பெரிய வேலை வேறு. ஃபிளைட் பிளானின் கடைசிப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எரிபொருள் எத்தனை மணி நேரம் வரும் என்பதோடு விமானத்தின் நிறம் என்ன என்றும் கேட்டிருக்கும். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் விழுந்துவிட்டால் தேடுகிறவர்கள் எதைப் பார்ப்பது என்பதற்காக அந்தக் கேள்வி. பேச வேண்டிய நேரம் தாண்டி 30 நிமிடம் விமானியிடமிருந்து சத்தமில்லை என்றால், அந்தக் காகிதத்தைக் கையிலெடுத்து விசாரிக்கத் தொடங்குவார்கள். பதில் இல்லையென்றால் எச்சரிக்கை நிலை, பிறகு ஆபத்து நிலை என்று போகும். கருவி எத்தனை வந்தாலும், தன்னைத் தேட ஓர் ஆள் நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் அன்றைய விமானிக்குக் கிடைக்காததும் இன்றைய விமானிக்குக் கிடைப்பதுமான பெரிய வித்தியாசம்.

கண்ணின் வேலை குறைந்துவிடவில்லை என்பதை 2023 டிசம்பர் வெள்ளம் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து உணவுப் பொட்டலம் போட்டன, ஆட்களைத் தூக்கின. எந்த மாடியில் ஆள் நிற்கிறார், எந்த மின்கம்பி குறுக்கே போகிறது என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அடையாளமாக இருந்த ஆறும் குளமும் ரோடும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்த நாட்கள் அவை. அங்கே பார்த்துப் பறந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அடுத்தது குலசேகரப்பட்டினம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் வேலைக்கு வந்துவிட்டால், ஏவும் நாட்களில் அந்தக் கடற்கரைப் பக்கம் வான்வெளியை நேரம் குறித்து மூடுவார்கள். வாகைகுளத்து விமானி வானிலை அறிக்கையோடு அந்த நோட்டாமையும் படித்துவிட்டுத்தான் கிளம்பும் நேரத்தை எழுத வேண்டியிருக்கும்.