உங்களுக்குத் தெரியுமா? சூப் டப்பா ஓவியமான கதை

1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸின் ஃபெரஸ் கேலரிக்குள் நுழைந்தவர்கள், மளிகைக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று விழித்திருப்பார்கள். சுவரோரப் பலகையில் வரிசையாக 32 கேம்ப்பெல் சூப் டப்பாக்கள்! எல்லாம் ஆண்டி வார்ஹோல் தீட்டிய ஓவியங்கள். அந்தக் கம்பெனி அப்போது விற்ற சூப் வகைகள் 32. வகைக்கு ஒரு படம். கேலிக்கும் குறைவில்லை. பக்கத்து கேலரிக்காரர் நிஜ டப்பாக்களையே ஜன்னலில் அடுக்கி, இங்கே மலிவு என்று சீண்டினார்.

பார்வைக்கு அச்சடித்தது போலிருந்தாலும் அவை கைவேலை. லேபிளின் அடியில் ஓடும் பூ வரிசையை ஒவ்வொன்றாக முத்திரை குத்தியிருக்கிறார். அதனால் டப்பாவுக்கு டப்பா பூக்கள் லேசாக மாறும். (எனக்கு அந்தப் பிசிறுதான் பிடிக்கும்.) நிஜமான அச்சுப் படத் தொகுப்பு 1968-ல் வந்தது: 10 டப்பாக்கள், 250 படிகள். துணிப்பையில் கடைப்பெயர் அடிக்கிற அதே சில்க் ஸ்கிரீன் முறைதான்.

அந்த 32 ஓவியங்கள்? கேலரியை நடத்திய இர்விங் பிளம், செட்டைப் பிரிக்க மனமில்லாமல் 1,000 டாலருக்குத் தவணையில் தானே வாங்கிக்கொண்டார். 1996-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனபோது அவற்றின் மதிப்பு சுமார் 1.5 கோடி டாலர்!