காலிழந்தோர் கடந்த நெடுந்தொலைவு

நம் நாட்டின் நீண்ட தேசிய நெடுஞ்சாலையான 44ஆம் எண் சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. மதுரையையும் திருமங்கலத்தையும் கடந்து செல்லும் அச்சாலை பேரையூர் வட்டார மக்கள் அனைவரும் அறிந்ததே. நாட்டின் அவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட தொலைவை மிதிவண்டியிலேயே கடக்கும் பயணம் ஒன்று 2020ஆம் ஆண்டின் இறுதியில் நடைபெற்றது. சென்றவர்களுள் ஒரு காலை இழந்தவர்கள் இருந்தனர். எல்லைப் பாதுகாப்புப் படையினரும் இருந்தனர். ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தொலைவை ஆறு வாரங்களில் அக்குழு கடந்தது. சராசரியாக நாளொன்றுக்கு 90 கிலோமீட்டர். அதாவது, பேரையூரிலிருந்து மதுரைக்குச் சென்று திரும்பும் தொலைவு.

இப்பயணத்தை நடத்தியது ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆதித்யா மேத்தா அறக்கட்டளை. அதன் நிறுவனரே விபத்தில் ஒரு காலை முழங்காலுக்கு மேல் இழந்தவர். மிதிவண்டியைப் புதிதாகப் பழகி, 2013ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்ற ஆசிய மாற்றுத்திறனாளர் மிதிவண்டிப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். நெடும்பயணங்களால் நிதி திரட்டி, பணியின்போது உறுப்பிழந்த துணை ராணுவ வீரர்களுக்கும் ஏனைய மாற்றுத்திறனாளிகளுக்கும் விளையாட்டுப் பயிற்சி அளிப்பது அவ்வறக்கட்டளையின் பணி.

படைப்பணிக்குச் சென்றவர்கள் நம் வட்டாரத்துக் கிராமங்களிலும் பலர் உள்ளனர். எனினும், இக்கட்டுரை அவர்களுக்கு மட்டுமானதன்று. எங்கள் மருத்துவமனையில் காலிழந்து சிகிச்சை பெறுவோரில் போர்க்காயம் பட்டவர் அரியவர். நீரிழிவுப் புண்ணும் சாலை விபத்துமே பெரும்பாலும் காரணம். காயம் எப்படி வந்தாலும் மறுவாழ்வின் படிகள் பெரும்பாலும் ஒன்றே.

படுக்கையிலிருந்து களத்துக்கு

இப்பாதை நெடுங்காலத்துக்கு முன்பே வகுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் முதுகுத்தண்டு சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த மருத்துவர் லுட்விக் குட்மன், விளையாட்டையே சிகிச்சையின் பகுதியாக்கினார். 1948இல் அவர் அங்கு நடத்திய போட்டியே பின்னாளில் பாராலிம்பிக் ஆக வளர்ந்தது. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடி பட்டு நடக்கும் ஆற்றலை இழந்த நம் படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுவே.

இவர்களுக்கு மருத்துவம் உயிரைக் காத்துக் கொடுத்தது. அதன்பின் ஒவ்வொரு நாளும் செய்வதற்கு ஒரு வேலையும், எட்டுவதற்கு ஓர் இலக்கும், உடன் முயல்வதற்கு நண்பர்களும் தேவைப்பட்டனர். மிதிவண்டிப் பயணங்கள் திரட்டித் தரும் பணத்தைப் போலவே, அவை தரும் இந்த மூன்றும் மதிப்புடையவை என்பது எங்கள் கருத்து.

மிதிவண்டி ஏன் ஏற்றது?

முழங்காலுக்கு மேல் காலிழந்தவர் செயற்கைக் காலுடன் நடக்கும்போது, பிறரைவிடப் பாதிக்கும் மேல் கூடுதலான ஆற்றலைச் செலவிட நேரிடுகிறது. சிறிது தூரத்திலேயே மூச்சு வாங்குவது சோம்பலால் அன்று. மிதிவண்டியில் உடலின் எடையில் பெரும்பகுதியை இருக்கை தாங்குகிறது. மூட்டுகளின் மேல் சுமை குறைகிறது. இதயமும் நுரையீரலும் நல்ல பயிற்சி பெறுகின்றன. நடந்தால் பத்து நிமிடத்தில் களைப்பவர், நிலையான பயிற்சி மிதிவண்டியில் அதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிப்பதை நாங்கள் கண்டு வருகிறோம்.

ஆயினும், எவரும் முதல் நாளே சாலையில் இறங்கியதில்லை. தசைப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, ஓரிடத்தில் நிற்கும் மிதிவண்டி, பின்னர் வாகனங்கள் வராத திடல், அதன்பின்னரே சாலை என்பதே முறை. அறுவைக் காயம் முற்றும் ஆறி, மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் இசைவு தந்த பிறகே தொடங்க வேண்டும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

* எஞ்சிய கால்பகுதியை நாள்தோறும் கண்ணாடியின் துணையுடன் பாருங்கள். நம் சமவெளியின் வெயிலில் செயற்கைக் காலின் குழிக்குள் வியர்வை தேங்கும். தோல் உராய்ந்து கொப்புளமாகும். சிவப்பு மறையாமல் நீடித்தால் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு எங்களிடம் வாருங்கள்.
* நீரிழிவால் ஒரு காலை இழந்தவர்க்கு மற்றொரு காலே பெருஞ்செல்வம். அதன் விரலிடுக்கு, குதிகால், நகம் ஆகியவற்றையும் நாள்தோறும் பாருங்கள்.
* இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை உண்பவர்களும் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். 100க்குக் குறைவாக இருந்தால் சிறிது உணவு உண்டபின் தொடங்குங்கள். சட்டைப் பையில் இனிப்பு இருக்கட்டும்.
* முதுகுத்தண்டின் மேற்பகுதியில் காயம் பட்டவர்க்கு வியர்வை சரிவரச் சுரக்காது. உடல் விரைவில் சூடேறும். அவர்கள் வெயில் நேரத்தில் பயிற்சி செய்யலாகாது. நெடுநேரம் அசையாது அமர்ந்தால் அழுத்தப்புண் வரும் என்பதையும் மறவாதீர்கள்.
* நெஞ்சுவலி, மிகுந்த மூச்சுத்திணறல், மயக்கம் தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

உடனிருப்போருக்கு

பார்வையற்றோர் இருவர் மிதிக்கும் டாண்டம் மிதிவண்டியில் செல்வதுண்டு. பார்வையுடையவர் முன்னால் அமர்ந்து திசையையும் தடையையும் பார்த்துக்கொள்கிறார். பின்னால் இருப்பவரைச் சும்மா அமரச் சொல்வதில்லை. அவரும் தம் பங்குக்கு மிதிக்கிறார். வீட்டிலும் உதவி இவ்வாறே இருத்தல் நலம். தண்ணீர் எடுத்துக் கொடுப்பது முதல் கடைக்குச் செல்வது வரை அனைத்தையும் நீங்களே செய்துவிட்டால், அவருடைய தசையும் தன்னம்பிக்கையும் ஒன்றாகத் தேயும். விழுந்துவிடுவாரோ என்ற அச்சம் இயல்பே. பிடித்துக்கொள்ளும் தொலைவில் நில்லுங்கள், பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள்.

2020 பயணத்தில் பங்கேற்ற தானியா டாகா, விபத்தில் ஒரு காலை இழந்த மத்தியப் பிரதேசத்துப் பெண். பயணத்தின் நடுவே அவருடைய தந்தை காலமானார். ஊருக்குச் சென்று கடமைகளை முடித்தவர், மீண்டும் குழுவில் சேர்ந்து கன்னியாகுமரியை அடைந்தார். மகள் இப்பயணத்தை முடிக்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பமாக இருந்தது. நம்மால் முடியும் என்று வீட்டில் ஒருவர் நம்புவது எத்துணை தூரம் கொண்டு செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எங்கே உதவி கிடைக்கும்?

செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு மதுரை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். முன்னாள் படைவீரரும் அவர்தம் குடும்பத்தாரும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை நாடலாம். ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் கொடிநாள். 1949 முதல் கடைப்பிடிக்கப்படும் அந்நாளில் நாம் அளிக்கும் தொகை, ஊனமுற்ற வீரர்களுக்கும் உயிர்நீத்தோர் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் பயன்படுகிறது.

கன்னியாகுமரி வரை செல்லுமாறு நாங்கள் எவரையும் கேட்கவில்லை. படுக்கையிலிருந்து வாசல் வரை, வாசலிலிருந்து தெருமுனை வரை என்று தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, இம்மாதம் எவ்வளவு தூரம் சென்றீர்கள் என்று உங்களைக் கேட்போம். அந்த விடையையும் உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதிக்கொள்வோம்.